கம்பு தடித்தால் தோள் தாங்குமா?

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில், செயலவையின் சார்பில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சம்பளத்தைப் பற்றியதன்று, போனசைப் பற்றியதுமன்று. காலையில் பெரட்டு முடிந்ததும் நம்மை ஏற்றிக்கொண்டு மேட்டு டிவிஷனுக்குப் போகிறதே, மத்தியானம் நம்மையும் கட்டிப்பால் மூட்டைகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு இறங்கி வருகிறதே, அந்தப் பிக்கப் வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வண்டியின் பின்பக்கத்து ஸ்பிரிங்கையும் அச்சையும் பற்றிப் பேசப் போகிறோம்.

"சங்க மேடையில் ஒர்க்‌ஷாப்புப் பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். நாள்தோறும் 14 உயிர்களைச் சுமந்து செல்வது எதுவோ, அதைப் பற்றிச் சங்கம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? அதுமட்டுமன்று. இதில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நாமே கேட்டு வாங்கியது

2023-ஆம் ஆண்டின் கடைசியில் நமது கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். நினைவிருக்கிறதா? வண்டி பாரத்தோடு திரும்பும்போது அதன் வால் தாழ்ந்து போகிறது. பள்ளத்தில் இறங்கினால் பின் பம்பர் தரையில் இடிக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடுப்பு முறிகிறது. ஆகவே பின் ஸ்பிரிங்கைப் பலப்படுத்தித் தர வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டோம். மனுவை எழுதியவர்கள் கிராணிகளாகிய நாங்கள். கையெழுத்திட்டவர்கள் நாம் எல்லோரும்.

நிர்வாகம் மறுக்கவில்லை. இரண்டே வாரத்தில் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. பின்பக்கத்து ஸ்பிரிங் ஒவ்வொன்றிலும் தடித்த பட்டைகள் இரண்டைக் கூடுதலாகச் செருகி அனுப்பினார்கள். வண்டி திரும்பி வந்தபோது வால் நிமிர்ந்து நின்றது. சங்கம் கேட்டது, கிடைத்தது என்று கை தட்டினோம்.

பிறகு என்ன நடந்தது? முன்பு 12 மூட்டை ஏற்றினால் வால் தாழும். இப்போது 12 மூட்டை ஏற்றினாலும் தாழவில்லை. "இன்னும் இரண்டு போடலாம்" என்றார் ஒருவர். பிறகு இன்னும் இரண்டு. நான்கு மாதத்தில் 18 மூட்டையாகிவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. இரண்டாம் முறை போய்வரும் நேரம் மிச்சம் என்று மண்டோருக்கும் மகிழ்ச்சி. சீக்கிரம் வீடு போகலாம் என்று நமக்கும் மகிழ்ச்சி. மூட்டையை நிறுத்துச் சீட்டு எழுதிய நாங்களும் கூட்டிப் பார்க்கவில்லை.

2024 ஆகஸ்டில் ஒரு மத்தியானம், மேட்டு டிவிஷன் இறக்கத்தின் கடைசி வளைவில் இடப்பக்கத்துப் பின் சக்கரம், உள்ளிருக்கும் தண்டின் துண்டோடு கழன்று வெளியே வந்தது. வண்டி மண்மேட்டின் பக்கம் சாய்ந்தது. எதிர்ப்பக்கம் ஓடை. அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் இன்றைய கூட்டம் வேறு மாதிரிக் கூட்டமாக இருந்திருக்கும். இருவருக்குச் சிராய்ப்பு. நமது வெட்டுக்காரச் சகோதரி ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. பெர்கேசோப் பணம் வந்தது, உண்மை. ஆனால் அவர் இன்னும் உயரமான வெட்டுக்குக் கையைத் தூக்க முடியாமல் இருக்கிறார்.

ஸ்பிரிங் உடைந்ததா? இல்லை. நாம் கேட்டு வாங்கிய ஸ்பிரிங் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இருந்தது உடைந்தது. இதைத்தான் இன்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பிரிங் பாரத்தைத் தின்பதில்லை

மரத்துப் பட்டை நமக்குத் தெரியும். ஒரு மயிரிழை ஆழம் கூடினால் மரம் காயப்படும் என்பதை உளி பிடித்த கை அறியும். இந்த இரும்புப் பட்டையையும் அதேபோல் அறிந்துகொள்வோம்.

பிக்கப் வண்டியின் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். குதிரை வண்டிக் காலத்திலிருந்தே வழங்கி வருவது. வளைந்த இரும்புப் பட்டைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்திருப்பார்கள். மிக நீளமான பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டு வண்டியின் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். நடுப்பகுதி, யூ போல்ட்டுகளால் பின் அச்சோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது பட்டைகள் நிமிர்ந்து கொடுக்கும். இறங்கும்போது பழையபடி வளையும்.

இதில் பட்டையைக் கூட்டினால் விறைப்பு கூடும். தடித்த பட்டையைப் போட்டால் மிக அதிகமாகக் கூடும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 8 மில்லிமீட்டர் பட்டை போட்டால், மூன்றில் ஒரு பங்குதானே தடித்தது, விறைப்பும் அவ்வளவுதானே கூடும் என்று தோன்றும். அப்படியன்று. தடிப்பை மூன்று முறை பெருக்கிப் பார்க்க வேண்டும். 6-ஐ மூன்று முறை பெருக்கினால் 216. 8-ஐ மூன்று முறை பெருக்கினால் 512. ஆக, அந்தப் பட்டையின் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. வால் தாழாமல் நின்ற மாயம் இதுதான்.

ஆனால், தோழர்களே, விறைப்பு கூடியதால் பாரம் குறைந்துவிட்டதா? மூட்டையின் எடை எங்கே போயிற்று? ஸ்பிரிங் பாரத்தைத் தின்றுவிடுவதில்லை. மேலிருந்து வாங்கிக் கீழே கொடுக்கிறது. சட்டம் ஸ்பிரிங்குக்குக் கொடுக்கிறது. ஸ்பிரிங் அச்சுக்குக் கொடுக்கிறது. அச்சு பேரிங்குக்கும், பேரிங் சக்கரத்துக்கும், சக்கரம் டயருக்கும், டயர் தரைக்கும் கொடுக்கின்றன. இந்த வரிசையில் எது நோஞ்சானோ, அதன் பலம்தான் வண்டியின் பலம்.

நம்முடைய மூத்தவர்கள் காண்டாக் கம்பில் இருபுறமும் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்தார்கள். கம்பு வளைகிறது என்று தடித்த கம்பாக மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? கம்பு வளையாது. வாளியைப் பெரிதாக்கலாம் என்று ஆசை வரும். தோள் அதே தோள். முழங்கால் அதே முழங்கால். கம்பு தடித்தால் தோள் தாங்குமா?

வண்டியின் வால் தாழ்ந்தது ஒரு குறை என்று நாம் எண்ணினோம். வண்டி நம்மிடம் "போதும்" என்று சொன்ன சொல் அது. அந்த வாயை நாமே அடைத்துவிட்டோம்.

தோள் போன்றது அச்சு

பின் அச்சு என்பது இரு பின் சக்கரங்களுக்கும் நடுவே கிடக்கும் இரும்புக் கூடு. அதன் நடுவே, குடம்போல் புடைத்திருக்கும் இடத்தில் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அங்கிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு தண்டு சென்று சக்கரத்தைச் சுழற்றுகிறது.

இந்த அச்சில் இரண்டு வகை உண்டு. பெரிய லோரிகளில் சக்கரம், கூட்டின் வெளிமுனையில் உள்ள பேரிங்குகளின்மேல் உட்கார்ந்திருக்கும். பாரத்தைக் கூடு சுமக்கும். உள்தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். இதை ஃபுல் ஃபுளோட்டிங் அச்சு என்பார்கள். சக்கரத்தின் நடுவில் தொப்பிபோல் வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றிலும் போல்ட் வைத்து இறுக்கிய மூடி தெரிந்தால் பெரும்பாலும் அது இந்த வகை.

நம் பிக்கப் போன்ற சிறு வண்டிகளில் பொதுவாக இருப்பது செமி ஃபுளோட்டிங் அச்சு. இதில் உள்தண்டுக்கே இரண்டு வேலை. சக்கரத்தையும் சுழற்ற வேண்டும். அந்தப் பக்கத்துப் பாரத்தையும் தாங்க வேண்டும். சக்கரம் அந்தத் தண்டின் நுனியிலேயே முடுக்கப்பட்டிருக்கிறது. பேரிங் தேய்ந்து தண்டு முறிந்தால் சக்கரமும் கூடவே வந்துவிடும். 2024 ஆகஸ்டில் நாம் கண்ணால் கண்டது இதைத்தான்.

அதற்கு முன்பு மூன்று வாரமாக அந்தச் சக்கரம் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்த நம் எல்லோருடைய காதிலும் விழுந்தது. புது ஸ்பிரிங்கின் சத்தம் என்று நினைத்தோம். அது பேரிங் தேயும் சத்தம்.

கிராணிக் கணக்கு

இனி, நாங்கள் அன்றே போட்டிருக்க வேண்டிய கணக்கை இன்று உங்கள் முன் போடுகிறோம்.

நம் வண்டியின் கதவில் இரண்டு எண்கள் எழுதியிருக்கின்றன. ஒன்று பாரமில்லாத எடை, அதாவது பெராட் தன்பா முவாத்தான்: 1,800 கிலோ. மற்றது பாரத்தோடு இருக்கத்தக்க எடை, அதாவது பெராட் டெங்கான் முவாத்தான்: 2,800 கிலோ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1,000 கிலோ. வண்டியோட்டி முதல் தண்ணீர்ப் போத்தல்வரை எல்லாம் இந்த ஆயிரத்துக்குள் அடங்க வேண்டும்.

பின்னால் 14 பேர். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால் 840. முன்னால் வண்டியோட்டியும் மண்டோரும் சேர்ந்து 130. உளி, வாளி, தண்ணீர், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் 50. ஆகக் காலையில் போகும்போதே 1,020 கிலோ. மூட்டை ஒன்றுகூட ஏறும் முன்பே எல்லை தாண்டியாயிற்று.

திரும்பும்போது 50 கிலோ மூட்டை 12 என்றால் 600. மொத்தம் 1,620. இது நாம் மனு எழுதியபோது இருந்த பாரம். வால் தாழாமல் என்ன செய்யும்? பட்டை சேர்த்தபின் 18 மூட்டை, அதாவது 900. மொத்தம் 1,920. ஆயிரம் சுமக்க வேண்டிய வண்டியில் ஏறத்தாழ இரண்டு மடங்கு!

இன்னும் கேளுங்கள். நம் வண்டியின் பின் அச்சு தாங்கத்தக்க பாரம் 1,700 கிலோ என்று அதன் தகட்டில் இருக்கிறது. வண்டியின் சொந்த எடையில் பின் அச்சின்மேல் விழுவது சுமார் 750. ஏற்றிய பாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு பின்னால் விழுகிறது என்று கொண்டால் 1,728. கூட்டினால் 2,478. அனுமதித்ததைவிட 778 கிலோ அதிகம். நாள்தோறும், குழி விழுந்த செம்மண் சாலையில், இந்த அதிகப் பாரத்தை அந்தத் தண்டு சுமந்தது. அது முறிந்ததில் வியப்பில்லை. அத்தனை மாதம் தாங்கியதுதான் வியப்பு.

பால் டாங்கி ஏற்றும் டிவிஷன்களுக்கு ஒரு சொல். 200 லிட்டர் டிரம் நிறையப் பால் என்றால் கிட்டத்தட்ட 200 கிலோ. பாதி நிரம்பிய டாங்கியோ இன்னும் பொல்லாதது. வளைவில் பால் முழுதும் ஒரு பக்கம் ஓடி மோதி வண்டியைச் சாய்க்கப் பார்க்கும்.

உட்காரும் இடத்திலும் கணக்கு உண்டு. மூட்டைக்கு இடம் விட்டு ஐந்து பேர் பின் கதவோரம் உட்காருகிறார்கள். ஐந்து பேர் 300 கிலோ. அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் அவர்கள் இருந்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 3 மீட்டர் என்றால், பின் அச்சில் 300 கிலோ அன்று, 390 கிலோ ஏறுகிறது. மிகுந்த 90 கிலோ, முன் சக்கரத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. தராசின் ஒரு தட்டு இறங்கினால் மறு தட்டு எழும்புவதுபோல. முன் சக்கரத்தின் பிடிப்புக் குறைந்தால் ஸ்டேரிங் லேசாகிவிடும். ஈரச் சாலையில் வண்டியோட்டி திருப்பினாலும் வண்டி திரும்பாது. "சரியாக ஓட்டத் தெரியாதவன்" என்று அவரை ஏசுகிறோம். அவரும் நம் தோழர். பெரிய சாலையில் அதிகாரிகள் நிறுத்தினால் முதலில் சம்மனுக்குக் கை நீட்ட வேண்டியவரும் அவரே.

பிரேக்கை மறந்தோம்

வண்டியோடு சேர்ந்த எடை அன்று 3,720 கிலோ. பிரேக்கோ 2,800 கிலோவுக்காகச் செய்யப்பட்டது. அதே வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்த, பிரேக் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை செய்ய வேண்டும். நீண்ட இறக்கத்தில் அந்த வேலையெல்லாம் சூடாக மாறும். அளவுக்கு மீறிச் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சிறு கம்பி, பிரேக் வால்வு ஒன்றோடு இணைந்திருக்கும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தால், "பாரம் இருக்கிறது" என்று அறிந்து அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக எண்ணெய் அழுத்தம் விடும். உடல் உயர்ந்திருந்தால், வண்டி காலி என்று கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க இந்த ஏற்பாடு.

இப்போது நாம் விறைத்த ஸ்பிரிங் போட்டோம். பாரம் ஏறியும் உடல் தாழவில்லை. வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்றே நினைக்கும். பாரம் மிகுந்த நேரத்தில் பின் பிரேக் குறைந்து போகும். ஸ்பிரிங்கை மாற்றினால் அந்த வால்வையும் சரிப்படுத்த வேண்டும் என்பது இதனால்தான். நமது வண்டியில் அதை யாரும் தொடவில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

அப்படியானால் பலப்படுத்தவே கூடாதா?

கூடாது என்று நாம் சொல்லவில்லை. நாள்பட்டு வளைவு இழந்த ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும். அனுமதித்த பாரத்துக்குள் ஓடும் வண்டிக்குக்கூட, நாள்தோறும் நிறைபாரம் என்றால் சற்று விறைத்த ஸ்பிரிங் பொருந்தலாம். ஆனால் செய்வதை முறையாகச் செய்ய வேண்டும்.

இரு பக்கமும் ஒரேமாதிரியாக மாற்ற வேண்டும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது; ஒருமுறை இறுக்கியது நீண்டுவிட்டிருக்கும். புதியதை இறுக்கியபின், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். இல்லையென்றால் பட்டைகள் நகர்ந்து நடு போல்ட்டை வெட்டிவிடும். அச்சே இடம் பெயரும். முறிந்த பட்டையை வெல்டு வைத்து ஒட்டக்கூடாது. பட்டைக்குப் பதமேற்றியிருக்கிறார்கள், வெல்டின் சூட்டில் பதம் போய்விடும். பின்பு அந்த இடத்திலேயே முறியும். உடல் உயர்ந்தால், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீண்ட தண்டின் சாய்வும் மாறும். அதையும் பார்க்க வேண்டும்.

சரி, அச்சையும் பெரிதாக்கிவிட்டால்? பெரிய அச்சு போடலாம், போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதன் அகலம் பொருந்த வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் இடம் பொருந்த வேண்டும். பிரேக் குழாயும் கைப்பிரேக் கேபிளும் சக்கரத்தின் போல்ட் துளைகளும் பொருந்த வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன் அச்சிலும் பின் அச்சிலும் பல்சக்கர விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து கியர்ப் பெட்டியை முறிக்கும். இத்தனையும் செய்தபின்? சட்டம் பழையது, முன் பிரேக் பழையது, கிளட்ச் பழையது. சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் இல்லாமல் கதவில் உள்ள எண்ணும் மாறாது.

ஆகவே, கணக்கைப் பார்த்தால் விடை எளியது. 1,900 கிலோ சுமக்க வேண்டுமானால் 1,900 கிலோவுக்கென்று செய்த வண்டி வேண்டும். அல்லது, இருக்கும் வண்டி இரண்டு முறை போய்வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"தோட்டத்துக்குள் ஓடும் வண்டிதானே, சாலைச் சட்டம் இங்கே ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு விடை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம், முதல் நாளிலிருந்தே விவசாயத் துறைக்கும் உரியது. வேலை செய்பவரின் பாதுகாப்பை நடைமுறைக்கு இயன்ற அளவு உறுதி செய்வது முதலாளியின் கடமை என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. இயந்திரமும் வேலை முறையும் அதில் அடங்கும்.

இந்தச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் 500,000 வெள்ளியாக உயர்ந்தது. நமக்கு அதைவிட முக்கியமானது 26ஏ பிரிவு. உயிருக்கோ உடலுக்கோ கடுமையான ஆபத்து நெருங்கி நிற்கிறது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, தெரிவித்தும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக வேலை நீக்கம் செய்யக்கூடாது என்று 27-ஆம் பிரிவு முன்பிருந்தே சொல்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு.

நமது விபத்து நடந்தது 2024 ஆகஸ்டில். அந்த உரிமை நம் கையில் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரம் உறுமிய சக்கரத்தை அன்றே நிறுத்தக் கேட்டிருக்கலாம். நமக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது நம் தவறு. தெரிந்த பின்பும் சும்மா இருந்தால் அது குற்றம்.

நாளைக் காலையிலிருந்து

இனி நாம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, நம் பழைய தீர்மானத்தை நாமே திருத்தி எழுதுவோம். "ஸ்பிரிங்கைப் பலப்படுத்துக" என்று கேட்டது போதாது. "ஆளும் மூட்டையும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியில் ஏற்றாதே, ஆட்களுக்கு இருக்கையும் கூரையும் உள்ள தக்க வண்டி கொடு" என்று கேட்போம். அது வரும்வரை மூட்டைக்கு ஒரு நடை, ஆட்களுக்கு ஒரு நடை. அந்தக் கூடுதல் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் வீடு போகும் அவசரத்தில் நாமே மறுபடி மூட்டைமேல் ஏறி உட்காருவோம்.

இரண்டாவது, கிராணிகளாகிய நாங்கள் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். பால் நிறுக்கும் சீட்டின் அடியில் வண்டியில் ஏறிய மொத்தப் பாரத்தையும் எழுதுவோம். எல்லை தாண்டினால் கையெழுத்திட மாட்டோம். பேனா பிடிப்பவன் வேறு, உளி பிடிப்பவன் வேறு என்ற பேச்சு இதில் வேண்டாம். அந்த 18 மூட்டையை எழுதிய பேனா எங்களுடையது.

மூன்றாவது, வண்டியில் ஏறுமுன் இரண்டு நிமிடம் குனிந்து பாருங்கள். பின் சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய் வழிந்திருக்கிறதா? பட்டையில் கீறல் தெரிகிறதா? யூ போல்ட் தளர்ந்து, உரசிய இடம் பளபளக்கிறதா? ஒரு பக்கத்துச் சக்கரம் மறுபக்கத்தைவிட முன்னோ பின்னோ நகர்ந்திருக்கிறதா? காலி வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? ஓடும்போது சக்கரம் உறுமுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மண்டோரிடம் சொல்லுங்கள். சங்கப் பிரதிநிதியிடமும் சொல்லுங்கள். நாளும் நேரமும் போட்டு எழுதி வைப்போம்.

நான்காவது, நம்மோடு அதே வண்டியில் இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் உட்காருகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பேச்சு புரியாது. மலாயில் எடுத்துச் சொல்வது நம் கடமை. சக்கரம் கழன்றால் அது யாருடைய பாஷை என்று பார்த்தா கழலும்?

சகோதரர்களே, நமது சகோதரியின் தோள் எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். அவரோ, "மழை வந்தால் எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது" என்கிறார். அவர் இந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் இருக்கிறார். தீர்மானத்தை முன்மொழியப் போகிறவரும் அவரே. கை உயர்த்தும்போது, அவரால் உயர்த்த முடியாத கைக்காகவும் சேர்த்து உயர்த்துங்கள்.

இனி அந்த வண்டியின் வால் தாழ்ந்தால் ஸ்பிரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். மூட்டையை இறக்குவோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!